உறவுகள் கைவிட்டபோதும் தளராத விசுவாசம்: பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை

தாது வருடப் பஞ்சம் என்ற பெயரை மலேசியத் தமிழர்களின் பழைய தலைமுறை மறந்திருக்காது. 1876, 1877 ஆண்டுகளில் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. வயிற்றுப் பிழைப்புக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர்கள் பலர். கிள்ளான் வட்டாரத்திலும் கேரி தீவிலும் பின்னாளில் தோட்டங்கள் எழுந்தபோது, அதே வழியாக வந்தவர்களின் உழைப்புதான் அவற்றையும் உருவாக்கியது.

1876-க்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தென்னாட்டில் வறட்சி தலைகாட்டத் தொடங்கிவிட்டது. அந்த முதல் அடியிலேயே ஒரு பிராமணக் குடும்பம் சிதைந்து போனது. அதிலிருந்து தப்பிய பதினாறு வயதுப் பெண்தான் பின்னர் பண்டித ரமாபாய் என்று உலகம் அறிந்தவர். விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் வீடு கட்டியவர். மராத்தி மொழியில் வேதாகமத்தை முழுமையாக மொழிபெயர்த்தவர்.

அவருடைய சாதனைகளைப் பலரும் பாராட்டிப் பேசுவார்கள். அவர் பட்ட உறவுச் சிக்கல்கள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சொந்த சமூகம் அவரைத் துரோகி என்றது. அவருக்கு ஞானஸ்நானத்துக்கு வழிகாட்டியவர்களோ அவரை அகங்காரி என்றார்கள். தோள் கொடுத்த நண்பர்கள் பாதியில் விலகினார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் தம் விசுவாசத்தையும் விடவில்லை, தம்மோடு முரண்பட்டவர்களையும் வெறுத்து ஒதுக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தெரிந்துகொள்வது இன்றைய குடும்பங்களுக்குப் பயன் தரும்.

காட்டில் தொடங்கிய கல்வி

ரமாபாய் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த கங்காமூலா என்ற காட்டுப்பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருத அறிஞர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஊராரும் உறவினரும் எதிர்த்தார்கள். பண்டிதர்கள் கூடிய சபையில் நின்று தம் செயலுக்குச் சாஸ்திர ஆதாரம் காட்டி வாதாடினார். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சாத குணம் மகளுக்குத் தந்தை வழி வந்த சொத்து.

ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் தலயாத்திரை புறப்பட்டது. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்து, ஒருவர் தலையில் சுமந்து சென்றார். அன்று தொடங்கிய நடை பல ஆண்டுகள் ஓயவில்லை. கோயில் மண்டபங்களில் புராணம் வாசிப்பதும், கேட்பவர்கள் தரும் காணிக்கையில் வாழ்வதும்தான் பிழைப்பு. வழிநெடுக அம்மாவிடம் பாடம் கேட்டே ரமாபாய் பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களையும் மனப்பாடம் செய்தார்.

மூத்த மகள் கிருஷ்ணாபாய்க்குச் சிறுவயதிலேயே கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். அந்த வாழ்க்கை கசப்பாக முடிந்தது. அதைக் கண்டு மனம் நொந்த தந்தை, இளையவளின் திருமணத்தில் அவசரம் காட்டவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குடும்ப உறவு எப்படி நசுக்கும் என்பதை அக்காவின் கண்ணீரில்தான் ரமாபாய் முதன்முதலில் பார்த்தார்.

பசியில் அழிந்த குடும்பம்

வறட்சி வந்ததும் கோயில்களில் காணிக்கை நின்றது. கையில் இருந்ததைத் தானமாகவும் பூசைக்கும் செலவிட்டு, தெய்வம் கண் திறக்கும் என்று காத்திருந்தார்கள். கூலி வேலைக்குப் போகக் குலப்பெருமை இடம் கொடுக்கவில்லை. கடைசியில் கைக்காசு தீர்ந்து, காட்டில் பதினொரு நாள் தண்ணீரும் இலையும் காட்டுப் பழமும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தந்தை இறந்தார். சாவதற்கு முன் கடைக்குட்டியான ரமாபாயை அருகில் அழைத்து, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். அடுத்துத் தாய் இறந்தார். பாடை தூக்க நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர் மட்டும் இரக்கப்பட்டு வந்தார்கள். அண்ணன் ஸ்ரீனிவாஸ் மூன்றாவது ஆள். நான்காவது ஆளாக ரமாபாயே நின்றார். உயரம் குறைவாக இருந்ததால் பாடையின் ஒரு முனையைத் தலையில் சுமந்து நடந்தார். அதன்பின் அக்காவும் போய்ச் சேர்ந்தார்.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் நடந்தார்கள். தென்னாட்டிலிருந்து காஷ்மீர் வரைக்கும், பின் கிழக்கே வங்காளத்துக்கும் என அவர்கள் கடந்த தூரம் சுமார் 4,000 மைல். 1878-இல் கல்கத்தாவை அடைந்தபோது, இருபது வயதுப் பெண்ணின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு அங்குள்ள அறிஞர்கள் வியந்தார்கள். பண்டிதை, சரஸ்வதி என்ற இரண்டு பட்டங்களையும் வழங்கினார்கள். ஊர் ஊராகப் பெண் கல்வி பற்றிப் பேச அழைப்புகள் வந்தன.

ஆனால் அவருக்குள் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. எத்தனை விரதம், எத்தனை தானம் செய்தும் குடும்பம் பசியால் செத்தது ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. சாஸ்திரங்களை ஆழமாகப் படிக்கப் படிக்க, அவற்றில் பெண்களுக்கு இருந்த இடமும் அவரை உறுத்தியது.

பத்தொன்பது மாத வாழ்வு

1880-இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிஹாரி மேதாவி என்ற வங்காள வழக்கறிஞரை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகன் பிராமணர் அல்லர். மொழியும் வேறு, சாதியும் வேறு. இரு தரப்பிலும் எதிர்ப்பு. இருவரும் அஸ்ஸாமில் சில்சார் நகரில் குடியேறினார்கள். 1881 ஏப்ரலில் மகள் மனோரமா பிறந்தாள்.

கணவரின் புத்தக அலமாரியில் ஒருநாள் வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம் கிடைத்தது. ரமாபாய் அதை ஆர்வத்தோடு படித்தார். அங்கு வந்த ஒரு மிஷனரியிடம் விளக்கமும் கேட்டார். கணவருக்கு அது பிடிக்கவில்லை. மனைவி கிறிஸ்தவராகிவிடுவாரோ என்று வருந்தினார். அன்பான குடும்பத்துக்குள்ளும் விசுவாசம் உரசலை உண்டாக்கும் என்பது ரமாபாய்க்கு அங்கேதான் தெரிந்தது.

அந்தப் பேச்சு தீரும் முன்பே காலம் தீர்ந்துவிட்டது. 1882 பிப்ரவரியில் காலரா கணவரைக் கொண்டுபோனது. மணவாழ்க்கை சுமார் பத்தொன்பது மாதமே நீடித்தது. 23 வயதில் கைக்குழந்தையோடு ரமாபாய் விதவையானார்.

புனே நகருக்கு வந்தார். நீதிபதி ரானடே போன்ற சீர்திருத்தவாதிகள் வரவேற்றார்கள். ஆர்ய மகிளா சமாஜ் என்ற பெண்கள் சங்கத்தை 1882-இல் தொடங்கினார். அதே ஆண்டு ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் இந்தியாவுக்கு அவசியம் என்று வற்புறுத்தினார். தாமே மருத்துவம் படிக்க விரும்பினார். எழுதிய புத்தகத்தை விற்றுக் கப்பல் பயணத்துக்குப் பணம் சேர்த்து, 1883-இல் குழந்தையோடு இங்கிலாந்து புறப்பட்டார்.

வான்டேஜ் மடத்தில்

இங்கிலாந்தில் வான்டேஜ் ஊரில் இருந்த ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் அவருக்கு அடைக்கலம் தந்தது. புனேயிலும் அந்த மடத்துக்குக் கிளை இருந்தது. காது சரியாகக் கேளாததால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. உடன் வந்த தோழி ஆனந்திபாய் பகத், மனக்குழப்பத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வேற்று நாட்டில் அந்த இழப்பு ரமாபாயை உலுக்கியது.

அந்த நாட்களில் மடத்துச் சகோதரிகள் அவரை இலண்டனில் ஃபுல்ஹாம் பகுதியில் இருந்த ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். வழிதவறிய பெண்கள் என்று சமூகம் ஒதுக்கியவர்களை அங்கே அன்போடு பராமரித்தார்கள். தாம் அறிந்த சாஸ்திரங்களில் அப்படிப்பட்ட பெண்களுக்கு இரக்கமே காட்டப்படாததை ரமாபாய் எண்ணிப் பார்த்தார். ஏன் இவர்களுக்கு இவ்வளவு அக்கறை காட்டுகிறீர்கள் என்று விசாரித்தபோது, ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தில் வரும் சமாரியப் பெண்ணின் சம்பவத்தை வாசித்துக் காட்டினார். கிணற்றடியில் அந்தப் பெண்ணை மதித்துப் பேசிய இயேசுவை ரமாபாயின் மனம் பற்றிக்கொண்டது.

1883 செப்டம்பர் 29-ஆம் நாள் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இந்தச் செய்தி புனேயை எட்டியதும், நேற்றுவரை கொண்டாடியவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். பத்திரிகைகள் ஏசின. தாய்நாட்டு உறவில் அன்று விழுந்த விரிசல் கடைசிவரை முழுதாக ஆறவில்லை.

வழிகாட்டியோடு வாதம்

மடத்தில் ரமாபாய்க்கு ஆன்மீகத் தாயாக இருந்தவர் சகோதரி ஜெரால்டின். மனோரமாவை அவர் பேத்திபோல் வளர்த்தார். தாயும் மகளும் அவரை ஆஜீபாய் என்று அழைத்தார்கள். மராத்தியில் அதற்குப் பாட்டி என்று பொருள்.

பாசம் இருந்த அதே இடத்தில் மோதலும் பிறந்தது. ரமாபாய் செல்ட்டன்ஹம் மகளிர் கல்லூரிக்குச் சென்று படித்தார், சமஸ்கிருதமும் கற்பித்தார். ஆண்களுக்கும் பாடம் எடுக்க வாய்ப்பு வந்தபோது ஆயர்கள் ஆட்சேபித்தார்கள். அது தெரிந்தால் இந்தியாவில் அவர் பெயர் கெடும் என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் ஆண்கள் நிறைந்த சபைகளில் பேசியே பெயர் பெற்றவருக்கு அது வியப்பாக இருந்தது. தம்மைக் கேட்காமலே தமக்காக முடிவெடுப்பதை அவர் ஏற்கவில்லை.

அடுத்து மதக் கோட்பாடு பற்றிய வாதம். திரித்துவம் போன்ற போதனைகளைச் சபை சொல்கிறது என்பதற்காகவே ஒப்புக்கொள்ள ரமாபாய் தயங்கினார். வேதாகமத்தைத் தாமே படித்துத் தெளிய விரும்பினார். மகளுக்கும் தாம் இன்னும் ஏற்காததைக் கற்பிக்கக்கூடாது என்றார். ஜெரால்டின் மனம் புண்பட்டது. ஞானஸ்நானம் பெற்றவர் சபைக்குக் கீழ்ப்படிய வேண்டாமா என்று கேட்டார். அகங்காரம் என்று கண்டித்தார். இறைச்சியும் முட்டையும் சாப்பிட மறுத்ததைக்கூடப் பழைய சாதிப் பிடிப்பு என்று சந்தேகித்தார்.

ரமாபாயின் பதில்கள் கடுமையாகவே இருந்தன. ஒரு புரோகித வர்க்கத்தின் நுகத்தடியை இப்போதுதான் கழற்றி எறிந்திருக்கும் தாம், இன்னொரு நுகத்தடியில் கழுத்தைக் கொடுக்கப் போவதில்லை என்று எழுதினார். நன்றிக்கடன் வேறு, மனச்சாட்சி வேறு என்பது அவர் நிலை. தம்மை அழைத்தவர் இயேசு, ஆகவே கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கே என்பதில் உறுதியாக நின்றார்.

ஆனால் எவ்வளவு சூடான கடிதமாக இருந்தாலும் அதை ஆஜீபாய்க்கு என்றே எழுதினார். உறவுப் பெயரை அவர் கைவிடவில்லை. 1886-இல் அமெரிக்கா சென்றபின், மனோரமாவை அதே ஜெரால்டினிடம்தான் திருப்பி அனுப்பினார். யாரோடு கொள்கையில் சண்டையோ, அவர் கையிலேயே தம் ஒரே பிள்ளையை நம்பிக் கொடுத்தார். பிறகு இந்தியா திரும்பிய பின்னும் இருவருக்கும் இடையே கடிதங்கள் போய்வந்தன. அவற்றைச் சேர்த்துப் பாதுகாத்து வைத்தவரும் ஜெரால்டின்தான். ரமாபாயின் உள்ளத்தை இன்று நாம் அறிய முடிவதற்கு அந்தக் கடிதக் கட்டே பெரிய காரணம்.

சாரதா சதனும் புயலும்

அமெரிக்காவில் ரமாபாய் ஊர் ஊராகப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887-இல் அவர் எழுதிய ஆங்கில நூல் பலர் மனதைத் தொட்டது. பத்தாண்டு காலம் உதவுவதாக வாக்களித்து பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் அமைந்தது. அந்த நிதியைக் கொண்டு 1889 மார்ச் 11-ஆம் நாள் பம்பாயில் சாரதா சதன் என்ற பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது.

மொட்டையடித்து, ஒருவேளைச் சோறு போட்டு, வீட்டு மூலையில் உட்காரவைக்கப்பட்ட இளம் விதவைகளுக்கு அது வாழ்வு கொடுத்தது. அங்கு சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய். அவர் 1893-இல் பேராசிரியர் கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். அதே கார்வேதான் பின்னாளில் 1916-இல் இந்தியப் பெண்களுக்கென்று முதல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்.

சாரதா சதனில் மதப் போதனை கிடையாது என்பது விதி. அவரவர் வழக்கப்படி வழிபடலாம். இதனால் இரு பக்கமும் அடி விழுந்தது. கிறிஸ்தவர் நடத்தும் பள்ளியில் கிறிஸ்துவைச் சொல்லவில்லையே என்று கிறிஸ்தவர்கள் சிலர் குறை கூறினார்கள். மறைமுகமாக மதம் மாற்றுகிறார் என்று இந்துக்கள் சந்தேகித்தார்கள்.

ரமாபாய் தம் அறையில் மகளோடு ஜெபிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. சில மாணவிகள் தாமாக வந்து அமர்ந்தார்கள். வந்தவர்களை அவர் விரட்டவும் இல்லை, வராதவர்களை அழைக்கவும் இல்லை. ஆனால் பேச்சு ஊரெங்கும் பரவியது. திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. 1893 ஆகஸ்டில் ரானடே, பண்டார்கர் உள்ளிட்ட ஆலோசனைக் குழுவினர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை உறவினர்கள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள்.

விலகியவர்கள் எதிரிகள் அல்லர். பத்தாண்டுகளுக்கு முன் அநாதையாக வந்தவரை ஏற்று ஆதரித்த பெருமக்கள். அதனால்தான் அது அதிகம் வலித்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்திருந்தால் பிரச்சினை ஓய்ந்திருக்கலாம். தம் பிள்ளைகளிடம் ஒளித்து வைக்கும் விசுவாசம் தமக்கு வேண்டாம் என்று ரமாபாய் முடிவெடுத்தார். மீதமிருந்த மாணவிகளோடு பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். அந்தக் காலகட்டத்தில் அவருடைய விசுவாசத்திலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. இதுவரை தமக்குக் கிறிஸ்தவ மதம் கிடைத்திருந்தது, கிறிஸ்துவை இப்போதுதான் கண்டுகொண்டதாக உணர்ந்தார். மனிதர் ஆதரவு குறையக் குறைய அந்தப் பிடிப்பு இறுகியது.

முக்தி: மீண்டும் ஒரு பஞ்சம்

பாஸ்டன் சங்கத்தின் பத்தாண்டு உதவி ஒருநாள் முடியும் என்பதை உணர்ந்து, புனேயிலிருந்து 60 கிலோமீட்டர் அளவு தூரத்தில் உள்ள கேட்காவ் கிராமத்தில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கினார். பழத்தோட்டம் போட்டு அந்த வருமானத்தில் பள்ளியை நடத்துவது திட்டம்.

1896-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தது. ரமாபாய்க்குத் தம் பதினாறு வயது நினைவுக்கு வந்தது. அன்று தமக்கு யாரும் வரவில்லை. இன்று தாம் போகாமல் இருக்க முடியாது என்று கிளம்பினார். பஞ்ச முகாம்களில் திரிந்த சிறுமிகளை, தீயவர்கள் கையில் சிக்கும் முன் மீட்டு அழைத்து வந்தார். சில மாதங்களில் ஏறத்தாழ முந்நூறு பேர் சேர்ந்தார்கள். அந்த நேரம் புனேயில் பிளேக் நோய். நகருக்குள் அத்தனை பேரை வைத்திருக்க முடியாத நிலையில், எல்லாரும் கேட்காவ் நிலத்துக்குப் போனார்கள். தோட்டத்துக்கு வாங்கிய பூமி வீடாக மாறியது. அதுதான் முக்தி மிஷன்.

1900-ஐ ஒட்டி குஜராத்திலும் பஞ்சம் வந்தபோது அங்கே ஏறத்தாழ 2,000 பேர் இருந்தார்கள். சோறு போடுவதோடு நிறுத்தாமல் ஆளுக்கொரு தொழில் கற்றுக்கொடுத்தார். வேளாண்மை, மாடு வளர்ப்பு, நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், அச்சு வேலை என்று எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள். மனோரமா பார்வையற்றோர் எழுத்து முறையைக் கற்று வந்து, கண் தெரியாத பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். சமூகம் கறைபட்டவர்கள் என்று தள்ளிய பெண்களுக்குக் கிருபா சதன் என்ற தனி இல்லம் எழுந்தது. இலண்டன் ஃபுல்ஹாமில் பார்த்ததை ரமாபாய் தம் மண்ணில் செய்து காட்டினார்.

அங்கு வந்த பெண்கள் எல்லாரும் எளிதானவர்கள் அல்லர். பசியும் வன்முறையும் கண்டு முரண்டுபிடித்தவர்கள், திருடியவர்கள், நம்ப மறுத்தவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் மகளாக ஏற்பதற்கு ஒரு நாள் உணர்ச்சி போதாது. அதிகாலை ஜெபம் அங்கே அன்றாட வேலைகளில் முதல் வேலை. 1905 ஜனவரியில் தினமும் கூடி ஜெபிக்க எழுபது பேர் கொண்ட குழு அமைந்தது. சில மாதங்களில் முக்தியில் எழுந்த ஆன்மீக எழுப்புதல் உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் இடம்பெற்றது.

கடைசி ஆண்டுகள்

படிக்காத பெண்ணுக்கும் புரியும் மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்பது ரமாபாயின் ஆசை. அப்போதிருந்த மொழிபெயர்ப்பில் சமஸ்கிருதச் சொற்கள் அதிகம் என்று கருதினார். சமஸ்கிருதத்தில் ஊறிய பண்டிதையே அதை விலக்கி, வீட்டுப் பேச்சுக்கு நெருங்கிய நடையைத் தேர்ந்தெடுத்தார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் படித்தார். பல ஆண்டுகள் உழைத்தார். முக்தியின் அச்சகத்தில் முக்திப் பெண்களே அச்சுக் கோத்தார்கள்.

1919-இல் ஆங்கிலேய அரசு கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆனால் பெரிய சோதனை இன்னும் பாக்கி இருந்தது. தமக்குப் பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த மகள் மனோரமா, 1921 ஜூலை 24-ஆம் நாள் 40 வயதில் காலமானார். அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கணவர் என்று ஒவ்வொருவராக இழந்தவரிடம் எஞ்சியிருந்த ஒரே இரத்த உறவும் போனது.

ரமாபாய் வேலைக்குத் திரும்பினார். வேதாகமத்தின் அச்சுத் திருத்தங்களை முடித்தார். அது முடிந்து சிறிது காலத்தில், 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் கேட்காவில் உயிர் நீத்தார். தந்தை கடவுளின் கையில் ஒப்படைத்த பெண்ணுக்கு அப்போது வயது 63.

நமக்கு உள்ள பாடம்

உறவு கசக்கும்போது விசுவாசிகள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வதுண்டு. பொறுமை என்ற பெயரில் மனச்சாட்சியை அடகு வைப்பது ஒன்று. கடவுள் தம் பக்கம் என்ற நினைப்பில் எதிரில் இருப்பவரை வெட்டி விடுவது மற்றொன்று. ரமாபாய் இரண்டையும் தவிர்க்கப் பாடுபட்டார். வேண்டாம் என்பதை முகத்துக்கு நேரே சொன்னார். சொன்ன பிறகும் கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை.

அவர் எல்லா உறவையும் சரிசெய்துவிடவில்லை. விலகிப்போன புனே பெருமக்கள் குழுவுக்குத் திரும்பவில்லை. கணவரோடு தொடங்கிய வாதம் முடிவு காணாமலே போனது. விசுவாசம் என்பது உறவுகள் தாமாகக் கூடிவர ஒரு மந்திரம் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. உறவு கூடாத நாளிலும் நம் கடமையைச் செய்யத் தேவையான பலத்தை அது தரும் என்பதைத்தான் காட்டுகிறது.

வீட்டில் ஒருவர் மட்டும் கோவிலுக்கும் மற்றவர் தேவாலயத்துக்கும் போகும் குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு, தோட்டப்புறங்களிலும் உண்டு. மாமியார் மருமகள் பேச்சு நின்றுபோன வீடுகள் உண்டு. சபைக்குள்ளேயே முகம் கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு. அங்கெல்லாம் ரமாபாய் அம்மையாரின் திறந்த கதவை நினைத்துப் பார்க்கலாம். அவர் தம் ஜெபத்தை மறைக்கவும் இல்லை, யார் மேலும் திணிக்கவும் இல்லை.

முக்தி மிஷன் கேட்காவில் இன்றும் ஆதரவற்ற பெண்களுக்கு இல்லமாக இயங்குகிறது. இந்திய அரசு 1989-இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. கீழ்ப்படியாதவர் என்று யாருடைய ஆயர்களும் சகோதரிகளும் ஒருகாலத்தில் கண்டித்தார்களோ, அந்த இங்கிலாந்து திருச்சபையே இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 30-ஆம் நாளை அவர் நினைவு நாளாகத் தன் வழிபாட்டு நாட்காட்டியில் வைத்திருக்கிறது.